வேலியைக் காக்கும் மின்கலமும் அதற்கேற்ற மின்னேற்றியும்

மேற்கே வானளாவிய வெள்ளியங்கிரி மலை, அதன் அடிவாரத்திலிருந்து ஓடிவரும் நொய்யல், சிறுவாணியின் குளிர்காற்று. இவை நம் தொண்டாமுத்தூர் வட்டாரத்திற்கு இயற்கை அன்னை அளித்த செல்வங்கள். நரசீபுரம், போளுவாம்பட்டி, ஆலாந்துறை, மத்வராயபுரம் என எந்தப் பக்கம் சென்றாலும் வாழையும் பாக்கும் தென்னையும் சின்ன வெங்காயமும் நம் கண்ணுக்கு விருந்தாகின்றன. ஆனால் காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்குக் காட்டின் மக்களும் அண்டை வீட்டார்தாமே! குலை தள்ளிய வாழைத் தோட்டத்தில் ஓரிரவு யானைக்கூட்டம் புகுந்துவிட்டால், ஓராண்டு உழைப்பு விடிவதற்குள் மண்ணோடு மண்ணாகிவிடும். இதை நம்மில் பலர் வீட்டிலேயே அறிவோம்.

அதனால்தான் இன்று பல தோட்டங்களைச் சுற்றிச் சோலார் வேலி நிற்கிறது. கம்பியையும் கம்பத்தையும் எல்லாரும் பார்க்கிறோம். ஆனால் அந்த வேலியின் உயிர் கம்பியில் இல்லை. சாளையின் ஓரத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மின்கலத்தில்தான், அதாவது பேட்டரியில்தான் இருக்கிறது. அந்த மின்கலத்தின் ஆயுளோ அதற்கு மின்னேற்றும் கருவியின், அதாவது சார்ஜரின் கையில் இருக்கிறது. எந்த மின்கலத்திற்கு எந்த மின்னேற்றி பொருந்தும் என்பதை இக்கட்டுரையில் காண்போம். பத்தாம் வகுப்பு இயற்பியலும் வேதியியலும் தோட்டத்து வேலைக்கு எப்படிப் பயன்படுகின்றன என்பதும் இதனால் விளங்கும்.

உயிர் வாங்காத வேலி

மின்வேலியை முதன்முதலில் விற்பனைப் பொருளாக்கியவர்களுள் ஒருவர் நியூசிலாந்து நாட்டின் வில்லியம் கேலகர். 1930களில் அவர் அமைத்த வேலி, மாடுகளையும் குதிரைகளையும் அடைத்து வைக்கப் பயன்பட்டது. அதன் அடிப்படைத் தத்துவமே இன்றும் கையாளப்படுகிறது. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து மின்சாரத்தை எடுத்து, எனர்ஜைசர் என்னும் கருவி அதைச் சில ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. ஆனால் தொடர்ந்து அனுப்புவதில்லை. இதயம் துடிப்பதைப்போல, ஏறத்தாழ வினாடிக்கு ஒருமுறை, கண் இமைக்கும் நேரத்திலும் மிகக் குறைந்த நேரமே அனுப்புகிறது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே கம்பியில் மின்சாரம் இல்லை. ஆகையால் தொட்ட விலங்கு அதிர்ந்து விலகிப் போகிறது, ஒட்டிக்கொண்டு மடிவதில்லை.

வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சுவது இதற்கு முற்றிலும் மாறானது. அது 230 வோல்ட்தானே என்று எண்ணலாகாது. அது விடாமல் பாய்வது. தசைகளை இறுகச் செய்து, தொட்டவரை விடுபட முடியாமல் செய்வது. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே இவ்வாறு சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டுமே பிழைத்தன. மனிதர்களும் இத்தகைய வேலிகளில் மாண்டிருக்கிறார்கள். அதே 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் முறைப்படுத்துவதற்கும் விதிகளைக் கொண்டுவந்தது.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். முறையான வேலி போட்ட ஒருவருக்கு, மழைக்கால இரவில் மின்கலம் தீர்ந்து வேலி செத்துக் கிடந்தால் என்ன தோன்றும்? பயிரும் போய், போட்ட முதலும் போனால், குறுக்கு வழி கண்ணில் படத்தானே செய்யும்? ஆகவே மின்கலத்தைச் சரியாகப் பேணுவது பணத்தைச் சேமிக்கும் வழி மட்டுமன்று. உயிர்களைக் காக்கும் வழியும் ஆகும்.

ஓட்டக்காரியும் மலையேறுகிறவளும்

மின்கலங்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கார், டிராக்டர் ஆகியவற்றில் உள்ள மின்கலம் வேறு. வேலிக்கும் இன்வெர்ட்டருக்கும் உரிய மின்கலம் வேறு. நம் பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓடுகிற தோழி, சில வினாடிகளில் தன் வலிமை முழுவதையும் கொட்டிவிடுவாள். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுகிறவளோ, சிறுகச் சிறுகத் தன் வலிமையைச் செலவிட்டு நெடுநேரம் நடப்பாள். கார் மின்கலம் ஓட்டக்காரி. இயந்திரத்தைக் கிளப்பச் சில வினாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தந்துவிட்டு ஓய்ந்துவிடும். உடனே இயந்திரமே அதை நிரப்பிவிடும். அதற்காக அதனுள் மெல்லிய தகடுகள் பல இருக்கின்றன. அதை நாள்தோறும் ஆழமாக இறக்கினால் அத்தகடுகள் சீக்கிரமே உதிர்ந்துவிடும்.

மலையேறுகிறவளை ஒத்ததே டீப் சைக்கிள் மின்கலம். இதன் தகடுகள் தடித்தவை. நம் கடைகளில் டியூபுலர் பேட்டரி என்று விற்கப்படுவது இவ்வகையே. இதில் நேர்மின் பொருள் சிறு குழாய்களுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உதிராது. இதுவும் நாள்தோறும் பாதிவரை இறக்கி மீண்டும் நிரப்பப்படுவதையே விரும்பும். அடிக்கடி முழுவதும் வற்றவிட்டால் இதன் ஆயுளும் குறையும்.

உள்ளே நடப்பது என்ன?

1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலறிஞர் காஸ்டன் பிளாண்டே ஈயத்தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் மின்கலத்தை உருவாக்கினார். இன்றைய ஈய அமில மின்கலம் அதன் வழிவந்ததே. நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு. எதிர்மின் தகட்டில் பஞ்சுபோன்ற ஈயம். நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மின்னேற்றும்போது இவ்வினை பின்னோக்கி நடக்கிறது. சல்பேட்டு கரைந்து அமிலம் மீண்டும் செறிவடைகிறது. ஹைட்ராமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியைப் பார்த்து மின்கலத்தின் நிலையைச் சொல்வது இக்காரணத்தால்தான்.

இந்தச் சல்பேட்டு, படிந்த புதிதில் மென்மையானது. உடனே மின்னேற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கெட்டிப் படிகங்களாகி இறுகிவிடும். பாத்திரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கையைப் போலத்தான். உடனே கழுவினால் போகும். மறுநாள் சுரண்டினாலும் போகாது. பெரும்பாலான மின்கலங்கள் வயதாகிச் சாவதில்லை. அரைவயிற்றோடு கிடந்தே சாகின்றன.

மூட்டை பிடிப்பதுபோல மூன்று படிகள்

நல்ல மின்னேற்றி எப்படி வேலை செய்கிறது? நிலக்கடலை மூட்டை பிடிப்பதை நினைத்துக்கொள்வோம். சாக்கு காலியாக இருக்கும்போது கூடை கூடையாகக் கொட்டுகிறோம். வாய் நெருங்கும்போது கொட்டினால் சிந்திவிடும். ஆகவே குலுக்கிக் குலுக்கிக் கை கையாகப் போடுகிறோம். நிரம்பியபின் அழுத்தித் திணித்தால் சாக்கு கிழியும். அப்படியே வைத்துக் காக்கிறோம்.

மின்னேற்றியும் இம்முறையையே பின்பற்ற வேண்டும். முதற்படியில் தன்னால் இயன்ற ஆம்பியரைக் குறையாமல் கொடுக்கிறது. மின்கலத்தின் வோல்ட் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் இரண்டாம் படி. இப்போது வோல்ட்டை அங்கேயே நிறுத்தி, மின்கலம் ஏற்கும் அளவுக்கு மட்டும் ஆம்பியரைக் குறைத்துக்கொண்டே வருகிறது. கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்புவது இப்படியில்தான். அது மெதுவாகவே நடக்கும். மூன்றாம் படியில் ஏறத்தாழ 13.5 வோல்ட்டுக்கு இறங்கி, தானாகக் கசியும் சிறிதளவை மட்டும் ஈடுசெய்கிறது.

பழைய வகை மின்னேற்றிகளில் ஒரு டிரான்ஸ்பார்மரும் டயோடுகளும் மட்டுமே இருக்கும். நிறுத்தும் அறிவு அவற்றிற்குக் கிடையாது. பணிமனையில் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்து நிறுத்தும்வரை அது குற்றமில்லை. இரவு மாட்டிவிட்டு உறங்கப் போனால் மின்கலம் கொதித்து, நீர் வற்றி, தகடு வளைந்துவிடும். மாறாக, 13.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாத மின்னேற்றியை மட்டும் நம்பினால் நாள்தோறும் ஆழமாக இறங்கும் மின்கலம் முழுவதும் நிரம்பாமலே சல்பேட்டுக்கு இரையாகும். மிகையும் கேடு, குறையும் கேடு.

மின்கலத்தின் வகையையும் நோக்க வேண்டும். நீர் ஊற்றும் வகைக்கு 14.4 வோல்ட் ஏற்றது. இதற்கு அவ்வப்போது சற்று உயர்ந்த வோல்ட்டில் சமன்படுத்தும் மின்னேற்றமும் தரலாம். ஜெல் வகைக்கு ஏறத்தாழ 14.1 வோல்ட்டே போதும். மூடி திறக்காத வகைகளில் வெளியேறிய நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. ஆதலால் மிகை மின்னேற்றம் அவற்றிற்கு நஞ்சு. இப்போது பரவிவரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலம் வேறு குலத்தைச் சேர்ந்தது. அதற்குச் சமன்படுத்தும் மின்னேற்றம் கூடவே கூடாது. அதற்கென்றே செய்யப்பட்ட மின்னேற்றிதான் வேண்டும். தயாரிப்பாளர் தாளில் எழுதியுள்ள எண்ணே எப்போதும் இறுதியானது.

வெயிலையும் மறந்துவிடலாகாது. மேற்கூறிய எண்கள் 25 டிகிரி வெப்பத்திற்கு உரியவை. வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஓர் அறைக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் 45 டிகிரி இருப்பதாகக் கொள்வோம். ஆறு அறைகள், நான்கு மில்லிவோல்ட், இருபது டிகிரி. பெருக்கினால் 480 மில்லிவோல்ட், அதாவது அரை வோல்ட். அங்கே 14.4க்குப் பதில் 13.9 போதும். வெப்பத்தை உணர்ந்து தானே திருத்திக்கொள்ளும் மின்னேற்றி நம் ஊருக்கு மிகவும் ஏற்றது. பெட்டியை வேப்ப நிழலில் வைப்பது செலவில்லாத உதவி.

ஆம்பியர் கணக்கு

எத்தனை ஆம்பியர் மின்னேற்றி வாங்குவது? ஈய அமில மின்கலத்திற்கு அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது எளிய விதி. வீட்டு இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர் மணி மின்கலம் இருந்தால் 15 ஆம்பியர். பாதி இறங்கிய அந்த மின்கலத்திற்கு 75 ஆம்பியர் மணியைத் திருப்பித் தர வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 86க்கு மேல். கடைசிப் படி மெதுவாக நடப்பதால், முழுவதும் நிரம்ப எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். இதே மின்கலத்தை ஸ்கூட்டருக்கான 2 ஆம்பியர் மின்னேற்றியில் மாட்டினால் ஏறத்தாழ இரண்டு நாள் ஓடினாலும் நிரம்பியிராது.

2012ஆம் ஆண்டின் கடும் மின்வெட்டு கோவைப் பகுதிப் பெற்றோர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மணி நேரம் மின்சாரம் வருவதும் ஒரு மணி நேரம் போவதுமாக நாள்கள் கழிந்தன. பத்து மணி நேரம் உண்ண வேண்டிய மின்கலத்திற்கு ஒரு வாய் கொடுத்து இலையை எடுத்தால் என்ன ஆகும்? புதிய மின்கலங்களும் அரைவயிற்றோடு கிடந்து கெட்டன. அப்போது பலர் இன்னும் பெரிய மின்கலத்தை வாங்கினார்கள். ஆனால் மின்னேற்றி அதே சிறிய மின்னேற்றியாக இருந்தால், பெரிய மின்கலம் இன்னும் தாமதமாகவே நிரம்பும். அண்டா பெரிதானால் குழாய் தானே பெரிதாகிவிடாது அல்லவா?

சூரியனே மின்னேற்றியானால்

தோட்டத்து வேலிக்கு மின்னேற்றி கதிரவன்தான். ஆனால் சோலார் பலகையை நேரே மின்கலத்தில் மாட்டக்கூடாது. 12 வோல்ட் பலகை என்று பெயரே ஒழிய, நல்ல வெயிலில் அது 17, 18 வோல்ட் தரும். சுமை இல்லாதபோது 20ஐயும் தாண்டும். நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் இருந்தால்தான் முன்சொன்ன மூன்று படிகளும் நடக்கும். மின்கலம் மிகவும் வற்றும்போது இணைப்பைத் துண்டித்துக் காப்பதும் பல கன்ட்ரோலர்களின் வேலையாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எனர்ஜைசர் அரை ஆம்பியர் எடுப்பதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் மணி. ஆடிச் சாரலில் மூன்று நாள் வெயிலே இல்லை என்றால் 36. பாதிக்குமேல் இறக்கக்கூடாது என்பதால் 75 ஆம்பியர் மணி மின்கலம் தேவை. பெரும்பாலோர் இவ்வளவோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டுமே! நாள்தோறும் எடுக்கும் 12க்கு, இழப்போடு சேர்த்து 14 தர வேண்டும். 60 வாட் பலகை ஏறத்தாழ 3.3 ஆம்பியர் தரும். நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் என்றால் 13. அன்றைய செலவுக்கே போதவில்லை! 100 வாட் பலகையோ 5.5 ஆம்பியர், நாளுக்கு 22 தரும். அன்றாடச் செலவு போக 8 மிஞ்சும். சாரல் நாள்களில் பட்ட கடனை அது ஐந்தாறு நாளில் அடைத்துவிடும். முதல் வீட்டில் வேலி சில வாரங்களில் செத்துவிடும்; இரண்டாம் வீட்டில் ஆண்டு முழுவதும் துடிக்கும். மின்கலம் ஒன்றே, மின்னேற்றிதான் வேறு.

கம்பியில் புல்லும் கொடியும் படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்து வேலியின் அடி வலுவிழக்கும் என்பதையும் நினைவில் கொள்வோம். வேலியோரம் களையெடுப்பதும் வேலியைக் காப்பதே.

வாங்கும்போதும் பேணும்போதும்

கடைக்குப் போகும் முன் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நலம். மின்கலம் எந்த வகை? எத்தனை ஆம்பியர் மணி? ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கிறோம்? அதைத் திருப்பித் தர எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? இந்நான்கிற்கும் விடை இருந்தால் கடைக்காரர் நமக்குத் தவறான பொருளைத் தர முடியாது. பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் மின்கல வகையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அது டியூபுலர் என்ற இடத்தில் இருக்கிறதா என்று இன்றே வீட்டில் பார்த்துவிடலாம்.

வோல்ட்மீட்டர் ஒன்று இருந்தால் நாமே நோயறியலாம். மின்னேற்றத்தை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்தபின், 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டினால் நிரம்பியிருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ பாதி, 11.9க்கும் கீழே போனால் பட்டினி.

குறைந்த நீருக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். சிறுவாணித் தண்ணீர் நம் நாவுக்கு எவ்வளவு இனித்தாலும் அதில் கரைந்துள்ள உப்புகள் மின்கலத்திற்கு ஆகா. அமிலத்தை ஒருபோதும் ஊற்றக்கூடாது. மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடும். ஆகையால் சன்னல் திறந்திருக்கட்டும். விளக்கும் தீக்குச்சியும் விலகியிருக்கட்டும். தோழியரே, ஸ்பேனரைத் தொடும் முன் கைவளையலைக் கழற்றி வையுங்கள். உலோக வளையல் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் கழுவியபின் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பழைய மின்கலத்தில் உள்ள ஈயம் குழந்தைகளுக்கும் மண்ணுக்கும் நஞ்சு. உடைக்காமல் விற்பனையாளரிடமே திருப்பித் தர வேண்டும்.

மின்கலம் பேசாது. பசிக்கிறது என்றோ வயிறு நிறைந்துவிட்டது என்றோ அது சொல்வதில்லை. அதன் பசியை அறிந்து, அளவறிந்து, வேளையறிந்து ஊட்டுவது நம் பொறுப்பு. அப்படி ஊட்டினால் தோட்டத்தில் பயிர் நிற்கும். காட்டோரம் வரும் யானை உயிரோடு திரும்பும். தேர்வுக்குப் படிக்கிறவளின் மேசையில் விளக்கு அணையாது. வகுப்பறையில் நாம் படிக்கும் ஓம் விதியும் ஈய சல்பேட்டும் மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. இந்தக் கோடை விடுமுறையில் நம் வீட்டு மின்கலத்தின் மேல் எழுதியிருப்பதைத் துடைத்துப் படித்து, அதற்கேற்ற மின்னேற்றிதான் இருக்கிறதா என்று அப்பாவோடும் அம்மாவோடும் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். படித்த பெண் வீட்டிற்குத் தரும் முதற்சம்பளம் அதுவாக இருக்கட்டும்.